பின்கட்டு அடுப்பு

சுங்கை பினாங்,
11 பிப்ரவரி 2024

அன்பு அண்ணனுக்கு,

காமினி எழுதுகிறேன். அம்மா, லோகா அண்ணி, பாப்பா ஷர்வினி, நான் என்று நாலு பேரும் படுக்கையில் விழாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அம்மாவுக்கு முட்டி வலி வழக்கம்போல. அது இல்லாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். ஜொகூரில் விடாத மழை என்று செய்தியில் சொன்னார்கள். சிறைக்குள்ளே ஈரம் ஏறுமே, உங்கள் இருமல் குறைந்ததா?

நம் கம்பத்தை, இந்தக் குடியிருப்பையே, எடுக்கப் போகிறார்கள் அண்ணே. நிலத்தை வாங்கிய கம்பெனி தைப்பூசத்துக்கு முன்னாலேயே நோட்டீஸ் ஒட்டிவிட்டது. உடனே தலையில் கை வைக்காதீர்கள், முழுதும் கெட்ட செய்தி இல்லை. பாயான் பாருவில் கட்டி முடித்த அடுக்குமாடியில் நமக்கு வீடு தருகிறார்களாம். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு குடும்பம் இருக்கிற வீடுகள் இங்கே நிறைய என்பதால், அடுப்புக்கு ஒரு வீடு என்று கம்பெனியே விதி வைத்திருக்கிறது. ஆள் வந்து எண்ணிவிட்டும் போய்விட்டார். முன்கட்டில் அம்மா அடுப்பு, பின்கட்டில் அண்ணி அடுப்பு. இரண்டு சுவரிலும் சிவப்புச் சாயத்தில் நம்பர் போட்டாகிவிட்டது. ஆக, உங்களுக்கும் அண்ணிக்கும் தனியாக ஒரு வீடு.

அன்று அண்ணி என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எனக்குன்னு ஒரு கதவு இருந்துச்சுன்னா, ஒங்க அண்ணன் வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருப்பேன் காமினி." நீங்கள் உள்ளே போன நாலு வருடத்தில் அண்ணி காத்திருப்பது பற்றி வாய் திறந்ததே இல்லை. அதனால் எனக்கு அந்தச் சிவப்பு நம்பரைப் பார்த்தால் சாமி படம் பார்ப்பதுபோல் இருக்கிறது.

இன்னொன்று. நான் படம் பிடிக்கக் கற்றுக்கொள்கிறேன். ஆர்மேனியன் தெருவில் ஷாஹிரா அக்கா என்று ஒருவர், கடைவீட்டு மாடியில் ஞாயிறுதோறும் வகுப்பு நடத்துகிறார். இடிக்கப் போகிற கம்பத்துப் பெண்களுக்குக் கேமராவைக் கடனாகவே கொடுக்கிறார். வாரம் பூராவும் ஃபேக்டரியில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருப்பவளுக்கு இது ஒன்றும் புதிதில்லை. இங்கே நான் பார்ப்பது கொஞ்சம் அசைகிறது, அவ்வளவுதான்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

தங்கை,
காமினி


ஜொகூர்,
20 மார்ச் 2024

தங்கச்சி காமினிக்கு,

அண்ணன் எழுதுவது. இருமல் நின்றுவிட்டது, இங்கே பேக்கரியில் போட்டிருக்கிறார்கள், மாவு வாசனையில் உடம்பு கொஞ்சம் பூசியிருக்கிறது. அம்மா முட்டியைக் கேட்டதாகச் சொல். தமிழ்க் கடிதத்தைப் படித்துப் பார்த்து அனுமதிக்கிற அதிகாரி இங்கே ஒரு துவான்தான் இருக்கிறார். அவர் லீவு போட்டால் உன் கடிதமும் லீவில் போய்விடுகிறது. பதில் தாமதமானால் அதுதான் காரணம், கோபம் இல்லை.

அடுப்புச் செய்தியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். எனக்குக் கல்யாணமான மறுவாரம் நினைவிருக்கிறதா? அம்மா பின்கட்டில் புது அடுப்பு வைத்து, தன் கையால் பால் காய்ச்சி, "இது ஒன் அடுப்பு லோகா, இனிமே நான் கேக்காம இதத் தொட மாட்டேன்"னு சொன்னாங்க. மருமகளுக்குத் தனி அடுப்பு கொடுப்பது நம் வீட்டில் மரியாதை. அடுத்த மாதமே நெத்திலிச் சம்பலில் புளி கூடிப்போனது பற்றி இரண்டு பேரும் பேசாமல் இருந்தது வேறு கதை.

லோகா எனக்கு எழுதி ரொம்ப நாளாகிறது. கேட்காதே, சும்மா உன்னிடம் சொன்னேன். நீ எடுக்கிற படங்களை அனுப்பு. கோயில், ஆறு எல்லாம் வேண்டாம். வீட்டுக்குள்ளே எடு.

எல்லாரையும் பார்த்துக்கொள்.

அண்ணன்,
தனேஷ்


சுங்கை பினாங்,
28 ஏப்ரல் 2024

அன்பு அண்ணனுக்கு,

நாங்கள் சுகமே. வெயில்தான் ஆளைத் தின்கிறது. உங்களுக்கு பேக்கரிச் சூடும் சேர்ந்திருக்குமே, தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

இதோடு படங்கள் வைத்திருக்கிறேன். ஆற்றோரம் குப்பை மிதக்கிற படம், எதிர்வீட்டு ரொஸ்னா அக்கா நோட்டீஸ் ஒட்டிய கதவிலேயே துணி காயப்போட்ட படம், பாப்பா சிவப்பு நம்பரை விரலால் எழுதிப் பழகுகிற படம். இப்படிச் சில. கடைசியில் இருப்பதுதான் எனக்குப் பிடித்தது. அதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

நீங்கள் போன பிறகு அண்ணி சமைப்பதை விட்டுவிட்டார். பாப்பாவுக்கு ரொட்டி, தனக்கு ஒன்றுமில்லை. அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் பின்கட்டுக்குப் போய் கேஸ் தோங்கை, அந்தச் சிலிண்டரை, அடுப்பிலிருந்து கழற்றி உருட்டிக்கொண்டு முன்கட்டுக்கு வந்துவிட்டார். "ஒரு தோங் போதும். வந்து ஒக்காரு, சாப்பிடு." அவ்வளவுதான் பேச்சு. அன்றிலிருந்து எல்லாருக்கும் ஒரே சட்டி. சம்பலில் புளி கூடினால் இப்போது இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டுகிறார்கள். உங்களுக்கு இதை எழுத வேண்டாம் என்று அண்ணி சொல்லியிருந்தார். படம் வந்துவிட்டதால் இனி மறைக்க ஒன்றுமில்லை.

படத்தில் அம்மா கிண்டுகிறார், அண்ணி தேங்காய்ப்பால் ஊற்றுகிறார், நடுவில் பாப்பா தட்டோடு நிற்கிறாள். கதவு வழியாகப் பின்கட்டு அடுப்பு தெரிகிறது பாருங்கள், மேலே பாப்பாவின் ஸ்கூல் பேக்கும் மடித்த துணியும். ஷாஹிரா அக்கா ஒரு விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. "படத்துக்குக் கீழ ஆள் பேரு இருக்கணும், உண்மை இருக்கணும். பேரில்லாத ஏழைங்கள நெறைய பேரு எடுத்தாச்சு" என்பார். அதனால் கீழே இப்படி எழுதியிருக்கிறேன்: 'வடிவம்மாளும் மருமகள் லோகேஸ்வரியும். அண்ணன் போன பிறகு எங்கள் வீட்டில் ஒரே அடுப்பு.'

ஜூலையில் கண்காட்சி வைக்கிறோம். ஆளுக்கு ஒரு படம். எதை மாட்டலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். உங்கள்
காமினியை நம்புங்கள், நாங்கள் நன்றாக இருக்கிறோம்.


ஜொகூர்,
2 ஜூன் 2024

தங்கச்சிக்கு,

சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன்.

கடைசிப் படம்தான். யோசிக்கவே வேண்டாம். மற்றதெல்லாம் கம்பத்தைப் பற்றி, இது நம்மைப் பற்றி. லோகா சிரிக்கிறாள் காமினி. நான் இருந்தபோது அம்மா பக்கத்தில் நின்று அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் வெளியே இருந்து சேர்த்து வைக்க முடியாததை உள்ளே வந்து சேர்த்து வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

பல்பசை தடவிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பக்கத்துப் படுக்கைக்காரர் யார் யார் என்று கேட்டார். அம்மா, சம்சாரம், மகள், எடுத்தது தங்கச்சி என்றேன். நம் வீட்டு ஆட்களைப் பற்றி இங்கே பெருமையாகச் சொல்ல எனக்குக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் அது.

இதையே மாட்டு. பெரிதாக மாட்டு. கீழே எழுதியதையும் மாற்றாதே.

அன்புடன்
தனேஷ்


சுங்கை பினாங்,
15 ஜூலை 2024

அன்பு அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இருமல் திரும்பவில்லையே? இங்கே பாப்பாவுக்கு ஒருவாரம் காய்ச்சல், இப்போது சரியாகி என் தலைமுடியைப் பிடித்து இழுக்கிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது.

கண்காட்சி திறந்தாகிவிட்டது. நீங்கள் சொன்னபடியே, வாசலுக்கு நேராக, ஆள் உயரத்துக்கு. கம்பமே பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்துவிட்டது. வெள்ளைக்காரர்கள், காலேஜ் பிள்ளைகள், பேப்பர்காரர்கள் என்று மாடி தாங்காத கூட்டம். அம்மா தன் படத்துக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னார். "எம் மவன் இங்க இல்ல. மருமவள நாந்தான் பாத்துக்கிறேன்." எங்கே இருக்கிறான் என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

இப்படி எல்லாரும் பார்த்தால் கம்பத்தை இடிப்பதைக் கொஞ்சம் தள்ளிப் போடுவார்கள் என்று ஷாஹிரா அக்கா நம்புகிறார். காலர் சட்டை போட்ட ஒருவர் நம் படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். அண்ணியைப் பக்கத்தில் நிற்கச் சொல்லிப் போனில் படம் எடுத்துக்கொண்டார். "நீங்க எல்லாம் ஒண்ணாத்தான் சாப்பிடுறீங்களா?" என்று மலாயில் நல்லபடியாகத்தான் கேட்டார். "ஒரே சட்டிதான் லா" என்று அண்ணி சிரித்தார். எவ்வளவு மரியாதையான மனிதர் என்று அம்மா பஸ்ஸில் வரும்போதெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

எல்லாரும் உங்களை விசாரிக்கிறார்கள். அண்ணியும்தான்.

காமினி


ஜொகூர்,
25 ஆகஸ்ட் 2024

தங்கச்சி காமினிக்கு,

நலமாக இருக்கிறேன். ஷர்வினிக்குக் காய்ச்சல் என்று படித்து, அடுத்த வரியில் சரியாகிவிட்டது என்று படிப்பதற்குள் உயிர் போய் வந்தது. இனிமேல் சரியானதை முதலில் எழுது.

எனக்கு அடுத்த வருடக் கடைசியில் விடுதலை. புது வீடு எந்த மாடி? காலைச் சூரியன் வருமா? வாசல் பக்கத்து அறை ஷர்வினிக்கு என்று நானாகவே முடிவு செய்துவிட்டேன். லோகாவுக்கு வெளிர்ப்பச்சை பிடிக்கும், திரைச்சீலை அந்த நிறத்தில் இருக்கட்டும் என்று சொல். பேக்கரி வேலை தெரிந்துகொண்டேன், வெளியே வந்தால் எங்காவது மாவு பிசைந்தாவது பிழைத்துக்கொள்வேன். முன்பு சேர்ந்த ஆட்கள் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று லோகாவிடம் சொல்ல முடியுமா? நான் சொன்னால் நம்ப மாட்டாள். நீ சொன்னால் ஒருவேளை நம்புவாள்.

அம்மாவை முட்டிக்குத் தைலம் போடச் சொல்.

தனேஷ்


சுங்கை பினாங்,
27 அக்டோபர் 2024

அண்ணனுக்கு,

தீபாவளி வாழ்த்து. எல்லாரும் நலம். உங்கள் நலத்தை எழுதுங்கள்.

முறுக்கு சுட்டோம். பாப்பாவுக்கு நீலப் பாவாடை. கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. நமக்கு ஒரு வீடு, அம்மா பேரில். பின்கட்டுக்கு இல்லையாம். எண்ணியதில் ஏதோ மாற்றம் என்கிறார்கள். ஷாஹிரா அக்காவும் நானும் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டோம். வருடம் பிறந்தால் இடிப்பார்கள்.

அண்ணி கொஞ்சநாள் புக்கிட் தெங்காவில் அவருடைய அக்கா வீட்டில் இருந்துவிட்டு வருவதாகச் சொன்னார். தீபாவளிக்குத்தான்.

வேலை அதிகம், பிறகு விவரமாக எழுதுகிறேன்.

காமினி


ஜொகூர்,
24 நவம்பர் 2024

காமினிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதத்துக்குத்தான் சீக்கு பிடித்ததுபோல் இருந்தது.

சுவரில் இரண்டு நம்பர் போட்டார்கள் என்று எழுதியவள் நீ. இரண்டு எப்படி ஒன்றாகும்? யார் மாற்றினார்கள், எதை வைத்து மாற்றினார்கள்? அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தார்களா? நீ எப்போதும் நாலு பக்கம் எழுதுகிறவள். இந்தத் தடவை பாதிப் பக்கத்தில் பாவாடை நிறம் மட்டும் இருக்கிறது. எதையாவது என்னிடம் மறைத்தால், இங்கே படுத்துக்கொண்டு அதைவிட மோசமானதையெல்லாம் நானே கற்பனை செய்துகொள்வேன். அதற்கு எனக்கு நேரம் நிறைய இருக்கிறது.

தீபாவளி முடிந்துவிட்டது. லோகா திரும்பி வந்துவிட்டாளா?

அம்மாவுக்கு என் வணக்கம்.

தனேஷ்


புக்கிட் தெங்கா,
20 டிசம்பர் 2024

ஷர்வினி அப்பாவுக்கு,

லோகா எழுதுகிறேன். பாப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம், நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். காமினிக்கு நீங்கள் எழுதிய கடிதத்தை அவள் எனக்கு அனுப்பி வைத்தாள். பதில் எழுத மூன்று தடவை உட்கார்ந்து முடியவில்லை என்றாள். அதனால் நான் எழுதுகிறேன்.

கம்பெனி ஆபீசில் எங்களைக் கூப்பிட்டார்கள். மேசைமேல் அந்தப் படம் இருந்தது, கீழே எழுதியதோடு சேர்த்து. அந்தக் காலர் சட்டைக்காரர்தான் உட்கார்ந்திருந்தார். உங்கள் வீட்டில் ஒரே அடுப்பு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே என்றார். அது என் அடுப்பு, எனக்குப் பால் காய்ச்சிக் கொடுத்த அடுப்பு என்று சொன்னேன். கடைசியாக எப்போது சமைத்தீர்கள் என்று கேட்டார். நான் பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அத்தை முந்திக்கொண்டார். மருமகளைப் பட்டினி போடுகிறாரா என்று கேட்பதாக நினைத்துவிட்டார். "எம் மவன் இல்லாத நேரத்துல மருமவளத் தனியா சமைக்க விடுவேனா? நான் என்ன அப்படிப்பட்ட பொம்பளயா?" என்றார். பெருமையாகச் சொன்னார். காலர் சட்டைக்காரர் அதை எழுதிக்கொண்டார்.

படம் எடுக்கும்போது பாப்பா பேக்கை அடுப்பு மேலிருந்து எடுத்துவிடவா என்று கேட்டேன். இருக்கட்டும் அண்ணி, உள்ளது உள்ளபடி இருக்கட்டும் என்றாள் காமினி. நானும் விட்டுவிட்டேன். எனக்கும் அந்தப் படம் பிடித்திருந்தது. யார்மேலும் எனக்குக் கோபம் இல்லை. அத்தைமேல் கொஞ்சம்கூட இல்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன், புரிந்துகொள்ளுங்கள். அத்தை சட்டியில் நான் சாப்பிட்டது என் இஷ்டத்துக்கு. பின்கட்டில் எனக்கு ஒரு அடுப்பு இருந்தது. துணி அடுக்கி வைத்திருந்தாலும் அது என்னுடையது. வேண்டாம் என்றால் எழுந்து போய்ப் பற்றவைத்துக்கொள்ளலாம். இனி அந்த வீட்டில் உட்கார்ந்தால் அது கட்டாயம். நீங்கள் வந்த பிறகும் அப்படித்தான். என்னால் முடியாது.

இங்கே ஃபேக்டரியில் வேலை கிடைத்திருக்கிறது. பாப்பாவைப் பக்கத்துப் பள்ளியில் சேர்க்கிறேன். காத்திருப்பேன் என்று காமினியிடம் சொன்னது உண்மைதான். அப்போது சொன்னது.

இருமல் வந்தால் சுடுதண்ணீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள்.

லோகேஸ்வரி


ஜொகூர்,
26 ஜனவரி 2025

காமினிக்கு,

நான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? அம்மா சாப்பிடுகிறாரா?

லோகா எழுதிவிட்டாள். நீ எழுத வேண்டியதில்லை. நீ எழுதியதும், அம்மா சொன்னதும், லோகா சிரித்ததும் எல்லாம் உண்மைதானே. உண்மை சொன்னதற்காக உன்மேல் எப்படிக் கோபப்படுவது? கோபப்பட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை. இதையே மாட்டு, பெரிதாக மாட்டு, மாற்றாதே என்று எழுதிய கை என்னுடையது. அந்தக் கடிதத்தை வைத்திருந்தால் கிழித்துவிடு.

லோகாவுக்கு இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. தமிழ் படிக்கிற துவான் லீவில் இல்லை, நான் விசாரித்துவிட்டேன்.

படம் இன்னும் சுவரில் இருக்கிறது. எடுக்கலாம் என்று கை வைத்தேன். பல்பசை இறுகிவிட்டது, எடுத்தால் கிழியும். அதனால் அந்தப் பக்கம் பார்க்காமல் படுத்துக்கொள்கிறேன்.

புது வீட்டுக்குப் போய்விட்டீர்களா? சமையலறை எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுது.

தனேஷ்


பாயான் பாரு,
16 மார்ச் 2025

அன்பு அண்ணனுக்கு,

அம்மாவும் நானும் உயிரோடு, உடம்போடு இருக்கிறோம். உங்கள் உடம்பும் அப்படி இருந்தால் போதும், வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை.

கம்பத்தை ஒரே காலையில் இடித்துவிட்டார்கள். ஷாஹிரா அக்கா எல்லாரிடமும் கேமராவைக் கொடுத்து எடுக்கச் சொன்னார். நான் எடுக்கவில்லை. நம் படம் கோலாலம்பூர்க் கண்காட்சிக்குப் போகிறதாம், அங்கே ரொம்பப் பேசுகிறார்களாம். அக்கா அதைச் சொல்லும்போதே அழுதுவிட்டார். பாவம், அவர் என்ன செய்வார்? நான் அவரைத் தேற்ற வேண்டியதாகிவிட்டது.

வீடு ஒன்பதாவது மாடி. காலைச் சூரியன் வராது. சமையலறையில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் வெளியே வர மற்றவர் வழிவிட வேண்டும். நிற்பது அம்மா மட்டும்தான். அரிசியை இன்னும் நாலு பேருக்குத்தான் போடுகிறார். சொன்னால் தலையாட்டுவார், மறுநாளும் அதே அளவு. மீந்ததை நான் ஃபேக்டரிக்குக் கட்டிக்கொண்டு போகிறேன்.

போன ஞாயிறு கேமராவைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன். அம்மா கூப்பிட்டார். துணி துவைக்கிற இடத்தில், பழைய துணிக்குக் கீழே, பின்கட்டு அடுப்பு. இடிப்பதற்கு முந்தின நாள் ரொஸ்னா அக்கா வீட்டு வண்டியில் ஏற்றி, எனக்குத் தெரியாமல் கொண்டுவந்திருக்கிறார். துரு போகத் தேய்த்து, மேலே ஒரு சட்டியும் வைத்திருந்தார். கேஸ் கிடையாது. சட்டிக்குள்ளே ஒன்றும் கிடையாது.

"இப்ப எடு காமினி. ரெண்டு அடுப்பு இருக்குதுன்னு நல்லாத் தெரியட்டும். அந்த ஆபீஸ் ஆளுகிட்ட கொண்டுபோய்க் காட்டு. நாந்தான் அன்னிக்குத் தப்பாச் சொல்லிட்டேன், அவ தனியாத்தான் சமைச்சான்னு சொல்லு" என்றார்.

அதெல்லாம் முடிந்துபோய்விட்டது என்று நான் சொல்லவில்லை. சேலையைச் சரிசெய்துகொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் நின்றார். கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, அண்ணி நிற்க வேண்டிய இடத்தை விட்டுத் தள்ளி நின்றார். எடுத்தேன். அதற்குப் பிறகு கேமராவைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

அந்தப் படம் இதோடு இருக்கிறது. கீழே ஒன்றும் எழுதவில்லை. ஆபீசிலிருந்து பதில் வந்ததா என்று அம்மா தினமும் கேட்கிறார். நீங்கள் எழுதும்போது அதைப் பற்றி அம்மாவுக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள் அண்ணே. என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

தங்கை,
காமினி